குடிக்க மாட்டேன் என்றால் வியட்நாமில் வேலை கெடுமா?

ஜனவரி 7, தக்கலைப் பக்கத்து வாசகர் கேட்டது

"அடுத்த மாதம் கம்பெனி வேலையாக ஹோ சி மின் நகரம், அங்கிருந்து கொரியாவில் பூசான். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அங்கெல்லாம் கிளாஸைத் தொடாமல் உட்கார்ந்தால் அவமரியாதை, ஆர்டர் கைவிட்டுப் போகும் என்கிறார் சீனியர். ஒரு கிளாஸாவது பழகிவிட்டுப் போ என்கிறார். போனவர்கள் யாராவது சொல்லுங்கள்."

ஜனவரி 7, இரவு 10.40

உங்கள் சீனியருக்குச் சேர்ந்து குடிக்க ஆள் வேண்டும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

நான் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் ஆலையில் லேப் வேலை பார்ப்பவன். 2016-இல் குடியை விட்டேன். மெஷின் பார்க்க, பால் வாங்கும் கம்பெனிகளைப் பார்க்க என்று 2018-இலிருந்து ஜப்பான், கொரியா, மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் எல்லாம் போய்வந்தாயிற்று. ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆர்டரும் போகவில்லை. தைரியமாகப் போங்கள்.

ஜனவரி 8, காலை

நேற்றுத் தூக்கத்தில் எழுதியது. தைரியம் மட்டும் போதாது, கிளாஸைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அங்கே யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. கண்ணெல்லாம் கிளாஸில்தான்.

ஜப்பானிலும் கொரியாவிலும் தனக்குத் தானே ஊற்றிக்கொள்ளும் வழக்கம் இல்லை. பக்கத்தில் இருப்பவர் ஊற்றுவார், பதிலுக்கு நீங்கள் ஊற்ற வேண்டும். அதனால் ஒரு வழி இருக்கிறது. ஊற்றும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கொரியாவில் வலது கையால் பாட்டிலைப் பிடித்து, இடது கையை வலது முழங்கைக்கோ மணிக்கட்டுக்கோ தாங்கலாகக் கொடுத்து ஊற்ற வேண்டும். ஊரில் பெரியவர்களுக்கு ஒரு பொருளைக் கொடுக்கிற அதே பவ்யம்தான். அதை ஒழுங்காகச் செய்தால் உங்கள் கிளாஸ் பாதி கவனத்திலிருந்து தப்பிவிடும்.

காலியான கிளாஸ் மட்டும் ஆபத்து. எப்போதும் நிரம்பி இருக்கட்டும்.

ஜனவரி 8, மதியம்

மேலே சொன்னதில் திருத்தம். கொரியாவில் இருக்கும் ஒருவர் சுட்டிக்காட்டினார், சரிதான். ஜப்பானில்தான் கிளாஸ் குறையக் குறைய நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். கொரியாவில் பாதியில் இருக்கும் கிளாஸில் மேலே ஊற்றுவது அபசகுனம் போல, முழுக்க முடித்த பிறகுதான் ஊற்றுவார்கள். ஆக ஜப்பானில் நிறைந்த கிளாஸ் உங்களைக் காப்பாற்றும், கொரியாவில் பாதிக் கிளாஸே போதும். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியது என் தப்பு.

சோஜு என்ற கொரியச் சாராயம் பற்றி ஒரு கணக்கு: பச்சைப் பாட்டில் 360 மில்லி. அவர்கள் கிளாஸில் ஏழு வரும். இரண்டு பேருக்கும் பிரியாது, மூன்று பேருக்கும் பிரியாது, நாலு பேருக்கும் பிரியாது. எப்படியும் அடுத்த பாட்டில் வந்தே தீரும். இதைக் கண்டுபிடித்தவன் நம் ஊரில் சீட்டு நடத்தியிருப்பான்.

ஜனவரி 10

'கொரியாக்காரர்கள் பெரியவர் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்பார்களாமே, நம்மைப் போல மறைவாகவா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பார்க்க ஒன்று போல இருக்கும், அடியில் வேறு. பூசானில் எங்களுக்கு விருந்து வைத்த மனிதர் தன் மகனையும் கூட்டி வந்திருந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும். அப்பா ஊற்றினார், பையன் இரண்டு கையாலும் கிளாஸை வாங்கினான், உடம்பை அப்படியே சுவர்ப் பக்கம் திருப்பி, கையால் மறைத்துக் குடித்தான். குடியைப் பெரியவரிடம்தான் பழக வேண்டும் என்பது அவர்கள் கட்சி. தானாகப் பழகினால் ஒழுங்கு வராதாம்.

நான் பழகியது தேங்காய்க் குடோனுக்குப் பின்னால். அப்பா வருகிறாரா என்று ஒருத்தன் தெருமுனையில் காவல். அப்பாவும் குடித்தார், நானும் குடித்தேன், 20 வருடம் ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரியே இருந்தோம். அந்தப் பையனைப் பார்த்தபோது பொறாமையாக இருந்தது. இப்போது யோசித்தால் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்றும் தோன்றுகிறது. இரண்டு முறையிலும் பாட்டில் காலியாகத்தான் செய்கிறது.

பூசான் போகிறவருக்கு: 'மருந்து சாப்பிடுகிறேன்' என்று சொல்லுங்கள். 'யாக் மொக்கோ இஸ்ஸொயோ.' நாட்டு மருந்து சாப்பிடுகிறேன் என்பது அங்கே காலங்காலமாக ஓடும் சாக்கு, யாரும் துருவிக் கேட்பதில்லை. என் விஷயத்தில் அது பொய்யும் இல்லை. அது பிறகு.

அப்புறம், உங்களுக்காகக் குடிக்க முன்வருபவருக்கு அங்கே பெயரே உண்டு: கறுப்பு வீரன். எனக்கும் ஒருவர் கிடைத்தார். மறுநாள் மீட்டிங்குக்கு அவர் வரவில்லை.

ஜனவரி 11

வியட்நாம். நான் போனது 2023-இல், பின் யூங் மாகாணம், ரப்பர்க் காடு. முதல் நாள் காலையில் தோட்டத்துக்குள் நின்றபோது பேச்சிப்பாறை ரோட்டில் நிற்கிற மாதிரியே இருந்தது. அதே வரிசை, அதே சிரட்டை, வெட்டுப்பட்ட பட்டையில் அதே வெள்ளைக் கோடு. இரவு மேசைக்கு வந்தால்தான் ஊர் வேறு என்று தெரியும்.

தெற்கு வியட்நாமில் பியரில் ஐஸ் போடுவார்கள். நம் ஆட்கள் சிரிப்பார்கள், ஆனால் அந்த வெயிலுக்கு வேறு வழியில்லை. கிளாஸ் கொள்ளாத பெரிய கட்டி. 'மோட், ஹாய், பா, யோ!' என்று ஒன்று இரண்டு மூன்று எண்ணிக் கத்துவார்கள், எல்லாக் கிளாஸும் மேசை நடுவில் மோதும். 'நூற்றுக்கு நூறு' என்று யாராவது சொன்னால் கிளாஸைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும்.

ஆனால் அதே மேசையில் த்ரா டா என்று ஐஸ் போட்ட வெளிர் தேநீரும் இருக்கும். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. நிறம் அசல் பியர். பியர் கிளாஸில் அதை ஊற்றி, அதே ஐஸைப் போட்டு, 'யோ!' கத்தி, நூற்றுக்கு நூறு கவிழ்த்தேன். ஆறு முறை. அன்று என்னைப் பெரிய குடிகாரன் என்று ஒருவர் பாராட்டினார். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை, தேயிலை.

இது செல்லாத இடமும் உண்டு. அரிசிச் சாராயம் வந்தால் ஒரே ஒரு சின்னக் கிளாஸ்தான், அதுவே வட்டமாகச் சுற்றி வரும். உங்கள் முறை வரும்போது பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் கிளாஸை வாங்கி, நெற்றிக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டு, அடுத்தவரிடம் கொடுத்தேன். ஏதோ இந்தியச் சடங்கு என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் அவர் முறையில் அதையே செய்துவிட்டு, அப்புறம் குடித்தார்.

ஜனவரி 12

'கிளாஸ் முடித்ததும் கை குலுக்குவார்களே, அதை விட்டுவிட்டீர்கள்' என்கிறார் ஒருவர். அது வடக்குப் பக்கத்து வழக்கம். எங்கள் மேசையில் ஹனோய்க்காரர் ஒருவர் மட்டும் ஒவ்வொரு கிளாஸுக்கும் கை குலுக்கினார். ஐஸ் தேநீருக்கும்தான்.

இன்னொன்று. 2020 ஜனவரி முதல் அங்கே சட்டம் கடுமை. சாராயம் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் அளவு என்ற பேச்சே இல்லை, பூஜ்யம்தான். அடுத்தவரைக் குடிக்கச் சொல்லி வற்புறுத்துவதும் அதே சட்டத்தில் தடை. 'பைக் ஓட்ட வேண்டும்' என்பது உள்ளூர்க்காரர்களுக்கு நல்ல சாக்கு ஆகிவிட்டது. விருந்தாளிக்குப் பயன்படாது. உங்களைத்தான் காரில் கொண்டுபோய் விடுகிறார்களே.

ஜனவரி 15

மருந்து என்று சொன்னேனே, அது என்ன என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். டைசல்ஃபிராம். குடியை விட்டவர்களுக்கு டாக்டர் கொடுக்கும் மாத்திரை. எனக்கு 250 மில்லிகிராம், தினம் காலையில் புட்டும் பயறும் வைத்துவிட்டு மனைவி கையில் தருவாள், நான் விழுங்கும்வரை அங்கேயே நிற்பாள்.

வேலை செய்யும் விதம் எளிது. குடித்த ஆல்கஹாலை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றும், அது விஷம். அதை உடனே அடுத்த கட்டத்துக்குத் தள்ள ஒரு நொதி இருக்கிறது. மாத்திரை அந்த நொதியைக் கட்டிப்போடும். விஷம் ரத்தத்திலேயே தேங்கும். முகம் கொதிக்கும், நெஞ்சு அடிக்கும், குமட்டும். அந்தப் பயமே மருந்து.

நான் இதை எழுத உண்மையான காரணம் வேறு. இது பிறந்த இடம் ரப்பர் ஆலை! ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகத்தோடு தையூரம் என்ற ரசாயன வகை சேர்ப்பார்கள். 1937-இல் அமெரிக்காவில் ஒரு ரப்பர் ஆலை டாக்டர், அந்த வகை ரசாயனத்தில் புழங்கும் தொழிலாளிகளுக்குக் குடி ஒத்துக்கொள்வதில்லை என்று எழுதினார். அப்புறம் 1940-களில் கோபன்ஹேகனில் ஹால்ட், யாக்கோப்சன் என்ற இரண்டு பேர் இன்னொரு தையூரத்தைக் குடல்புழு மருந்தாகுமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். குடித்தபோதெல்லாம் உடம்பு படுத்தியது. புழு மருந்து குடி மருந்தாயிற்று.

எங்கள் லேப்பில் பால் கெடாமல் இருக்க அமோனியாவோடு போடும் டி.எம்.டி.டி. பொடி, 1937-இல் அந்த டாக்டர் எழுதிய அதே சாமான். பதினாறு வருடம் அந்த டப்பாவை எடை போட்டுக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் நேராகக் கடைக்குப் போவேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கையுறை நல்ல கையுறை.

ஜனவரி 16

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: கணவர் தாய்லாந்து போகிறார், இந்த மாத்திரையைச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கலாமா என்று.

வேண்டாம் அக்கா. தயவுசெய்து வேண்டாம். அவருக்குத் தெரியாமல் மாத்திரை உள்ளே இருந்து அவர் அங்கே போய்ப் பாட்டிலைத் திறந்தால், ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். ஏன் என்று அங்கே இருக்கும் டாக்டருக்கும் தெரியாது. சம்மதம் வாங்கி, குடித்துப் பன்னிரண்டு மணி நேரமாவது ஆன பிறகுதான் இதைத் தொடங்குவார்கள். நம் மாவட்டத்தில் 'சாம்பாரில் கலந்து கொடு' என்று யோசனை சொல்லும் ஆட்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்கள் யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட வர மாட்டார்கள்.

ஜனவரி 19

கோபே, 2018. மாத்திரை ஓடிக்கொண்டிருந்த காலம். சட்டைப்பையில் டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டை.

ஜப்பானில் குடிக்காமல் இருப்பது சுலபம், எல்லாரும் 'முதலில் பியர்' என்னும்போது 'ஊலாங் டீ' என்றால் வந்துவிடும். நான் மாட்டியது ஊறுகாயில். ஒன்பது நாளாக நாக்கு செத்துக் கிடந்தது. ஒரு சின்னத் தட்டில் கருப்பட்டி நிறத்தில் மெல்லிய துண்டுகள் வந்தன, பார்க்க நார்த்தங்காய் மாதிரி. நாலு துண்டு தின்றேன். கால் மணி நேரத்தில் காது கொதிக்கத் தொடங்கியது. என் கறுப்பில் சிவப்புத் தெரியாது, சூடு மட்டும்தான். நெஞ்சு செண்டை அடித்தது. அட்டையை எடுத்து நீட்டினேன்.

அது நராசுகே. சாக்கே என்ற அரிசி மதுவை வடித்த கசடில் மாதக்கணக்கில் ஊறப்போட்ட காய்.

நிமிர்ந்து பார்த்தால் எதிரில் இருந்தவர் முகம் மிளகாய்ப்பழம். அரை கிளாஸ் பியர்தான் குடித்திருந்தார். 'பிறவியிலேயே எனக்கு உங்கள் மாத்திரை உள்ளே இருக்கிறது' என்றார். விளையாட்டில்லை. கிழக்காசியாவில் மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த நொதி பிறப்பிலேயே சரியாக வேலை செய்யாது. முகம் சிவக்கச் சிவக்கத் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயமும் கூடும். அப்படியிருந்தும் வேலைக்காகக் குடிக்கிறார்கள். இரண்டு பேரும் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

குடி ஒத்துக்கொள்ளாதவருக்கு அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை: கெகோ. 'நான் கெகோ' என்றால் முடிந்தது, வெட்கம் இல்லை, விளக்கம் இல்லை. தமிழில் குடிப்பவனுக்கு எத்தனை வார்த்தை. குடிக்காதவனுக்கு?

ஜனவரி 20

'நல்லவன்' என்று பதில் போட்டவருக்கு: நன்றி, அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

133 அடி வள்ளுவர் சிலை இருக்கும் மாவட்டம், கள்ளுண்ணாமைக்கே பத்துக் குறள் எழுதினார் என்கிறார் இன்னொருவர். எழுதினார். மேசையில் கிளாஸை நீட்டும்போது என்ன சொல்வது என்று எழுதவில்லை.

ஜனவரி 23

முதல் குறிப்பில் 'ஒரு சொட்டு தொட்டதில்லை' என்று எழுதினேன். அது பொய். கேள்வி கேட்ட தம்பி அதை நம்பித்தான் கிளம்புகிறார் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

2019. முதலில் பூசான், திரும்பும் வழியில் மலேசியா. புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தினேன். மனைவியிடம் நராசுகே கதையைச் சொன்னேன். சமையலில் ஊற்றும் மிரினில் 14 சதவீதம் ஆல்கஹால், சோயா சாஸில்கூடக் கொஞ்சம் உண்டு, வெளிநாட்டில் உயிர் போனால் யார் பார்ப்பது என்றேன். எல்லாமே உண்மை. ஆனால் நான் போனது கொரியா, மிரின் ஜப்பான் சரக்கு. மாத்திரையின் வேகம் இரண்டு வாரம்வரை நிற்கும், நான் விட்டது மூன்று வாரம். சோயா சாஸுக்குப் பயந்தவன் அந்தக் கணக்குப் போட மாட்டான்.

பூசானில் நாலு நாள், தொடவில்லை. சுலபமாகக்கூட இருந்தது. எந்தக் கை, எந்தப் பக்கம் திரும்புவது, யார் கிளாஸ் காலி என்று பார்த்துக்கொண்டிருந்ததில் ஆசைக்கு நேரமில்லை.

மலேசியாவில், கிள்ளானில் மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் வீடு. பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் அவியல் வைத்திருந்தார். கைலி கொடுத்தார், மாற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஊரில் யார் வீடு கட்டினார், யார் தோட்டம் விற்றார் என்று பேச்சு. பேசிக்கொண்டே அவர் எழுந்துபோய் ஒரு கிளாஸ் கொண்டுவந்து என் முட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். சோடா, பாதி எலுமிச்சை, ஐஸ் இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால் நான் எப்படிக் குடிப்பேனோ அப்படியே. குடிக்கிறாயா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது, கொரிய மொழியில். தமிழில் இல்லை.

'சாளை ஆறுது மக்கா' என்றார். கிளாஸை எடுத்தேன்.

இரண்டு நாள். விமானத்தை விட்டேன். அவர் மேல் தப்பில்லை, நான் விட்டது அவருக்குத் தெரியாது.

ஜனவரி 24

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. திட்டியவருக்கும். வந்ததும் மறுபடி டாக்டர், மறுபடி மாத்திரை, இன்னொரு ஒன்றரை வருடம். இப்போது மாத்திரை இல்லை. கணக்கு 2016-இலிருந்து அல்ல, 2019 மே மாதத்திலிருந்து.

ஜனவரி 29

தாய்லாந்து பற்றிக் கேட்டவருக்கு. நான் பார்த்தது ஹாட் யாய் மட்டும். நான் போன சமயத்தில் மதியம் 2 முதல் 5 வரை கடையில் விற்க மாட்டார்கள், பில் போடும் மெஷினே ஏற்காது. வாரக் கடைசியில் எல்லை தாண்டி மலேசியாக்காரர்கள் வந்து நிறைவார்கள்.

எனக்கு அது களியக்காவிளையாகத்தான் தெரிந்தது. கேரளத்தில் மாதம் முதல் தேதி கடை அடைப்பு, அன்று அந்தப் பக்கத்துக்காரர்கள் இங்கே. நமக்கு அடைப்பு என்றால் நாம் பாறசாலைக்கு. கள்ளு வேண்டுமென்றால் என்றைக்குமே அங்கேதான், இங்கே அது தடை. 1956 வரை இரண்டும் ஒரே பக்கம்தான், முதலில் திருவிதாங்கூர், கடைசியில் திருவிதாங்கூர்-கொச்சி.

பிப்ரவரி 2

பனை பற்றிச் சொல்லாமல் விட்டேன். வியட்நாமின் ஆன் யாங் மாகாணத்தில் திரி தோன் என்று ஒரு ஊர், கம்போடிய எல்லைக்குப் பக்கம், கெமர் மக்கள் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனார்கள். வயலுக்கு நடுவே பனை. நம் பனையேதான். மூங்கிலைச் சாத்தி, அதன் கணுக்களை மிதித்து ஏறுகிறார்கள். ரோட்டோரத்தில் ஒரு அம்மா ஐஸ் போட்டு அக்கானி, அதாவது பதநீர், விற்றார். கருப்பட்டியும் உண்டு, ஓலையில் பொதிந்து.

கிளாஸை வாங்கிவிட்டேன். அப்புறம்தான் தோன்றியது, மணி மூன்று. நம் ஊரில் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள், அதனால் அக்கானி அக்கானியாகவே இருக்கும். சுண்ணாம்பு இல்லையென்றால் மதியத்துக்குள் புளித்துக் கள்ளாகிவிடும். இங்கே தடவுகிறார்களா? கேட்க மொழி இல்லை. மூக்கருகே கொண்டுபோனேன். சின்ன வயதில் பாட்டி வீட்டுப் பின்கட்டில் வந்த வாசம். இனிப்பா, புளிப்பா, ஐஸில் ஒன்றும் பிடிபடவில்லை. அந்த அம்மா சிரித்தபடி 'குடி' என்று சைகை காட்டினார். பணத்தைக் கொடுத்துவிட்டு, கிளாஸைப் பக்கத்தில் நின்ற டிரைவரிடம் நீட்டினேன். அவர் குடித்துவிட்டு நல்ல இனிப்பு என்றார்.

இனிப்பாகவே இருந்திருக்கும். இன்றைக்கும் அது ஒரு குறை.

பிப்ரவரி 6

தம்பி, டிக்கெட் போட்டாச்சு என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். 'தமிழில் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் இப்போது' என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இன்னும் ஒன்றும் அமையவில்லை. போன மாதம் கருங்கல் பக்கம் சித்தப்பா மகள் கல்யாணம். முந்தின ராத்திரி காய்கறி வெட்டு. பந்தலுக்குப் பின்னால் வழக்கம்போல ஆண்கள் கூட்டம், வழக்கம்போலச் சத்தம். நான் நேராகப் பெண்கள் பக்கம் போய், ஒரு கத்தியை வாங்கிச் சேனை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு முறை ஆள் வந்தது. கையில் கத்தியும் முழங்கைவரை சேனையும் இருப்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

விடியும்வரை கை அரித்தது. அத்தை தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தந்தாள்.